நாலு வருஷச் சபையும் நாற்பது வருஷக் குப்பையும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இவ்விழாவிலே பேசுவதற்கு ஒரு பொருளைத் தெரிந்து தரும்படி காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டபோது, 'உள்ளூராட்சி மன்றங்களும் வீட்டுக் குப்பையும்' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "என்ன தம்பி, திருவிழாக் காலத்திலே குப்பையைப் பற்றியா பேசப் போகிறீர்?" என்றார். திருவிழா முடிந்த மறுநாட் காலையிலே கோயில் வீதியைப் பார்த்தவர்கள் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். பெரியோர்களாகிய நீங்களும் பொறுமையோடு கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் பேராதனையிலே படித்துக்கொண்டு வார முடிவிலே பல்லேகலைக்கு வருகிறவன். எனக்கு இரண்டு பஸ் போதும். மகாவலி கங்கையும் பேராதனையிலிருந்து பல்லேகலைக்குத்தான் வருகிறது. ஆனால் அது அவசரப்படாமல் கண்டி நகரத்தை வடக்கே சுற்றிக்கொண்டு வருகிறது. அந்தச் சுற்றிலே அது என்னென்ன சுமந்துகொண்டு வருகிறது என்பதை அறியும் ஆசையினால், விடுமுறையிலே ஒரு நண்பருடன் கரையோர ஊர்கள் சிலவற்றுக்குப் போய்வந்தேன். அங்கே கண்டதிலிருந்தே என் பேச்சைத் தொடங்குகிறேன்.

கெட்டம்பேயிலே மெத எல என்னும் கால்வாய் கங்கையோடு சேருகிறது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1812 ஆம் வருஷமளவிலே கட்டி முடித்த வாவியின் மிகை நீர்தான் அது. வாவியை விட்டுப் புறப்படும்போது அதைத் தண்ணீர் என்று சொல்லலாம். கடைவீதியையும் குடிமனைகளையும் கடந்து கெட்டம்பேயை அடையும்போது அதற்கு வேறு பெயர்தான் வைக்கவேண்டும். அங்கிருந்து சிறிது தூரம் கீழே கொஹாகொட. கண்டி மாநகரத்தின் குப்பை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொண்டுபோய்க் கொட்டப்பட்டு வந்த இடம் அது. பிற்காலத்திலே நாளொன்றுக்கு நூறு தொன்னுக்கு மேல் அங்கே போயிற்று. குப்பை மேட்டுக்கும் கங்கைக்கும் நடுவிலே பெரிய இடைவெளி எதுவும் இல்லை. கண்டியிலே மழைக்குக் குறைவில்லை. மேலே விழும் மழை குப்பைக்குள் இறங்கி, கறுத்த கசிவு நீராகக் கீழே வந்து, சரிவு காட்டிய பக்கம் ஓடுகிறது. அந்தச் சரிவின் அடியிலே கங்கை இருக்கிறது.

அதற்கும் கீழே, கட்டுகஸ்தோட்டையைத் தாண்டியதும் பொல்கொல்லை அணைக்கட்டு. 1976 ஆம் வருஷத்திலே அது பூர்த்தியாயிற்று. அங்கே கங்கை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி சுரங்கவழியாக உக்குவெலை மின் நிலையத்துக்குச் சென்று, சுது கங்கை, அம்பன் கங்கை, போவத்தென்ன என்று போய்க் கலாவாவி வரைக்கும் பாய்ந்து இராஜரட்டையின் வயல்களுக்கு நீராகிறது. மற்றப் பகுதி லேவெல்ல, தென்னக்கும்புர, குண்டசாலை வழியாக நமது பல்லேகலைக்கு வந்து விக்டோரியா நீர்த்தேக்கத்திலே சேருகிறது. ஆகவே, கண்டி நகரவாசி ஒருவர் வீட்டு வாசலிலே வைத்த குப்பைப் பொதியின் சாறு இரண்டு வழியாகப் பிரயாணம் செய்கிறது. அவற்றில் ஒரு வழி நம் வீட்டுக்குப் பின்புறத்தால் போகிறது. அப்படியே, நாம் இங்கே ஓடையிலே எறிவதும் நமக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போய்ச் சேருகிறது. கங்கையோரத்தில் இருப்பவர்களுக்குக் 'கீழே' என்பது எப்போதும் ஒரு மனிதர் இருக்கும் இடம்.

இனி, இந்தக் குப்பைக்கு உரியவர் யார்? இக்கேள்விக்குச் சட்டத்திலே மிகத் தெளிவான விடை உண்டு. 1987 ஆம் வருஷத்து 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93, 94, 95 ஆம் பிரிவுகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வீதிக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் அகற்றுவது சபையின் கடமை என்கிறது ஒன்று. சேகரித்த குப்பை சபையின் சொத்து என்கிறது அடுத்தது. அதைச் சேர்ப்பதற்கும் ஒழிப்பதற்கும் தக்க இடங்களைச் சபையே ஏற்படுத்தவேண்டும் என்கிறது மூன்றாவது. மாநகர சபைகளுக்கும் நகர சபைகளுக்கும் உரிய கட்டளைச் சட்டங்களிலும் இதே கருத்துத்தான் இருக்கிறது. சொத்து என்ற சொல்லைக் கவனியுங்கள். உலகத்திலே எந்த மனிதனும் தன் சொத்தை இரவோடிரவாக ஆற்றங்கரையிலே கொட்டிவிட்டு வருவதில்லை.

ஆனால் இந்தச் சொத்துக்காரருக்கு ஆயுள் குறைவு. ஓர் உள்ளூராட்சி சபையின் காலம் நான்கு வருஷம். முதல் வருஷம் அங்கத்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதிலே போகிறது. கடைசி வருஷம் அடுத்த தேர்தலை எண்ணுவதிலே போகிறது. நடுவிலே இருக்கும் இரண்டு வருஷத்துக்குள் ஆரம்பித்து, முடித்து, நாடா வெட்டித் திறந்துவைக்கக்கூடிய காரியங்கள்தான் சபைக்குப் பிடிக்கும். இது இன்ன கட்சி, அன்ன கட்சி என்றில்லை. குப்பைக்கோ இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வாழைப்பழத்தோல் சில வாரங்களில் மண்ணாகிவிடும். நாம் சந்தையிலிருந்து கொண்டுவரும் பொலிதீன் பை, நமது பேரப்பிள்ளைகளின் காலத்திலும் பொலிதீன் துண்டுகளாகவே இருக்கும். கொட்டுவதை நிறுத்திய பின்னரும் ஒரு குப்பைமேடு பல்லாண்டு காலம் கசிந்துகொண்டும், வாயுவை வெளிவிட்டுக்கொண்டும், உள்ளே வேகுண்டு அமிழ்ந்துகொண்டும் இருக்கிறது. அதை அவ்வளவு காலமும் ஒருவர் பார்த்துக்கொள்ளவேண்டும். நான்கு வருஷச் சபை நாற்பது வருஷக் குப்பைக்குக் காவல் இருப்பது எப்படி? இதுதான் நான் இங்கே வைக்க வந்த கேள்வி.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2018 ஆம் வருஷம் பெப்ரவரி மாதம் தெரிவான சபைகளின் காலம் ஒரு வருஷம் நீட்டப்பட்டு, 2023 மார்ச் மாதத்திலே முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆந் திகதி வரையில் நடைபெறவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் நாட்டின் பெரும்பாலான ஊர்களிலே நாம் தெரிந்தெடுத்த சபை என்று ஒன்று இருக்கவில்லை. ஆயினும் குப்பை ஒருநாளும் விடுமுறை எடுக்கவில்லை. உத்தியோகத்தர்களும் தொழிலாளரும் அன்றாட வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனால் இருபது வருஷத்துக்கு அப்பால் பார்த்து முடிவு செய்யும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. எழுதி வைத்து, சபையிலே நிறைவேற்றி, சனங்களின் பார்வைக்கு வெளியிட்ட நீண்டகாலத் திட்டம் ஒன்று முன்னமே இருந்திருந்தால், சபை இருந்தால் என்ன, கலைந்தால் என்ன, அது தன்பாட்டிலே நடந்துகொண்டிருக்கும்.

திட்டம் இல்லாத இடத்தை ஒரு சொல் வந்து பிடித்துக்கொள்கிறது. 'தற்காலிகம்' என்பதே அந்தச் சொல். கொழும்பிலே ப்ளூமெண்டால் குப்பைமேடு மூடப்பட்டபோது, மாநகரத்தின் குப்பையை 2009 ஆம் வருஷத்திலே மீத்தொட்டமுல்லைக்குக் கொண்டுபோனார்கள். தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித்தான் கொண்டுபோனார்கள். அத்தற்காலிகம் வருஷா வருஷம் உயர்ந்து மலையாயிற்று. சுற்றிலும் இருந்த ஏழைச் சனங்கள் முறையிட்டார்கள், வீதியில் இறங்கினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 2017 ஆம் வருஷம் ஏப்ரல் 14 ஆந் திகதி, சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று பின்னேரம், அந்த மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பத்திரண்டு பேர் மாண்டார்கள். நாமெல்லாம் இங்கே கைவிசேஷம் வாங்கிக்கொண்டிருந்த அந்த நாளிலே, அங்கே கைவிசேஷம் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒன்றாகப் புதைந்தார்கள். அன்று நான் பாடசாலை மாணவன். செய்தியைக் கேட்டு என் பாட்டியார், "குப்பை விழுந்து மனிசர் சாவார்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது இன்னும் காதிலே நிற்கிறது.

கண்டியைச் சுற்றியுள்ள நமக்கு இந்தப் பயம் கொழும்பைவிட அதிகமாக இருக்கவேண்டும். கொழும்பு சமநிலம். இங்கே எல்லாம் சரிவு. மழைக்கு மண்ணே நிலைத்து நிற்காத மலைநாட்டிலே குப்பை நிலைத்து நிற்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்? நமது நாட்டிலே சமநிலமாக எஞ்சியிருப்பது ஒன்று வயல், மற்றது ஆற்றங்கரை. வயலில் கொட்ட மனம் வராமல் ஆற்றங்கரைக்குப் போகிறார்கள். கொஹாகொடவின் கதை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் நீண்டகாலத் திட்டம் என்பது என்ன? பெரிய சொல் என்று பயப்படவேண்டாம். அது பெரும்பாலும் கூட்டல், பெருக்கல் கணக்குத்தான். நான் படித்த மிஷன் பாடசாலையிலே ஒரு பாதிரியார் இருந்தார். ஒவ்வொரு வகுப்பும் ஒரு வாரம் முழுவதும் தன் குப்பையைத் தராசிலே நிறுத்து, கறுப்புப் பலகையில் எழுதவேண்டும் என்பது அவரது கட்டளை. நாங்கள் அதை ஒரு தண்டனை என்று எண்ணி முணுமுணுத்தோம். இப்பொழுது யோசித்தால், பல சபைகளிலே இல்லாத ஒரு கணக்கு எங்கள் ஏழாம் வகுப்பிலே இருந்தது!

அந்தக் கணக்கை வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். இலங்கையிலே பிரதேச சபைப் பகுதிகளில் ஒருவரால் நாளொன்றுக்குச் சுமார் 400 கிராம் குப்பை சேருகிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மாநகரங்களிலே அதன் இருமடங்கு வரைக்கும் போகும். ஐந்து பேர் உள்ள நம் வீட்டிலே நாளுக்கு 2 கிலோ. வருஷத்துக்கு 730 கிலோ. இருபது வருஷத்துக்கு 14,600 கிலோ, அதாவது பதினாலரைத் தொன்னுக்கும் மேல். பத்து லொறிச் சுமை வருமோ என்னவோ! ஒரு குழந்தை பிறந்து கலியாண வயதுக்கு வருவதற்குள், ஒரு சாதாரணக் குடும்பம் சபைக்கு இவ்வளவு சொத்துச் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. இதிலே பாதிக்கு மேல் மரக்கறித் தோல், தேங்காய்ப்பூச் சக்கை, மிச்சச் சோறு, இலைதழை. இவை மண்ணிலிருந்து வந்தவை, மண்ணுக்கே போகக்கூடியவை. இவற்றை வீட்டிலேயே தனியாகப் பிரித்து, தோட்டம் உள்ளவர்கள் குழியிலும் தோட்டம் இல்லாதவர்கள் பீப்பாவிலும் போட்டால், சபை சுமக்கவேண்டியது பாதியாகக் குறைகிறது. இருபது வருஷத்துக்குத் தேவையென்று தேடிய காணி நாற்பது வருஷத்துக்குப் போதுமாகிறது. காணிக்குப் பஞ்சமான மலைநாட்டிலே இதைவிட மலிவாக ஓர் ஏக்கர் வாங்க முடியாது.

பிரிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் நாடு பார்த்துவிட்டது. 2008 ஆம் வருஷத்திலே 'பிலிசரு' என்னும் தேசியத் திட்டம் ஆரம்பமாயிற்று. அதன் உதவியோடு பல உள்ளூராட்சி மன்றங்கள் கூட்டெரு நிலையங்களைக் கட்டின. நல்ல முயற்சி. பலாங்கொடை நகர சபையைப் போன்று சிலர் அத்துறையிலே பெயரும் எடுத்தார்கள். ஆனால் வேறு பல இடங்களிலே குப்பை கலந்தபடியே வந்து சேர்ந்தது. கண்ணாடித் துண்டும் பொலிதீனும் மின்கலமும் கலந்த எருவை எந்தக் கமக்காரன் காசு கொடுத்து வாங்குவான்? எரு விலைப்படவில்லை. விலைப்படாதபடியால் பணம் வரவில்லை. கட்டடம் கட்டுவதற்குத் திறைசேரி பணம் கொடுக்கும், வெளிநாடும் கொடுக்கும். இயந்திரத்தின் பட்டி அறுந்தால் அதை மாற்றுவதற்கு ஒருவரும் கொடுப்பதில்லை. திட்டத்திலே நாடா வெட்டும் நாளுக்கு ஒதுக்கிய பக்கங்களைக் குறைத்து, பட்டி அறும் நாளுக்குச் சில பக்கங்களை ஒதுக்கவேண்டும். லொறி பத்து வருஷத்திலே பழுதாகும் என்று எல்லாருக்கும் தெரியும். வாங்கிய நாளிலிருந்தே வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கை எடுத்து வைக்கும் சபை எத்தனை?

காணியைப் பற்றிப் பேசினால் சண்டை வரும். நம் ஊருக்கு வேண்டாம் என்று நீங்களும் சொல்வீர்கள், நானும் சொல்வேன். ஆனால் சண்டை பிடிப்பதற்கும் ஒரு காலம் உண்டு. இருக்கிற இடம் நிரம்பி, லொறிகள் வீதியிலே வரிசையாக நிற்கிற அன்றைக்கு இடம் தேடினால், மிகவும் ஏழைகள் இருக்கும் இடந்தான் அகப்படும். பழைய இடம் பாதி நிரம்பும்போதே புதிய இடத்தைத் தேடத் தொடங்கினால், மண்ணைச் சோதிக்கலாம், நீரோட்டத்தைப் பார்க்கலாம், அயலவரைக் கூப்பிட்டுப் பேசலாம், நட்டஈட்டையும் முறையாகக் கொடுக்கலாம். அன்றியும் ஒவ்வொரு சபையும் தனித்தனியே ஒரு மேடு வைத்திருக்கவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கண்டி மாநகர சபை, குண்டசாலைப் பிரதேச சபை, பாததும்பறைப் பிரதேச சபை, வத்தேகம நகர சபை எல்லாம் ஒரே கங்கையை நோக்கிச் சாய்ந்த நிலத்திலே இருக்கின்றன. எல்லைக் கல் நமக்குத்தான், மழைநீருக்கு இல்லை.

இவையெல்லாம் ஐரோப்பாவிலே நடக்கும், நமது சனங்களிடையே நடக்குமா என்று கேட்பவர்களுக்காக, ஓர் இந்து நகரத்தின் கதையைச் சொல்கிறேன். இதை வாசித்த நாளிலிருந்து யாரிடமாவது சொல்லவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். ஆனபடியால் சற்று விரித்தே சொல்வேன்.

மத்திய இந்தியாவிலே இந்தூர் என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. முதலாம் உலக யுத்த காலத்திலே அங்கே பிளேக் நோய் வந்தது. நகரத்தைச் சீர்திருத்துவதற்காக ஸ்கொத்லாந்து தேசத்துப் பேராசிரியர் பேட்ரிக் கெடிஸ் என்பவரை மகாராஜா வரவழைத்தார். பிற்பாடு 1921 ஆம் வருஷத்திலே கொழும்பு நகரத்துக்கும் திட்ட அறிக்கை எழுதியவர் இவரே. தாவர சாஸ்திரத்தில் வல்லவர். தாடி வைத்த மனிதர். தெருத் தெருவாகச் சுற்றி எதையோ எழுதிக்கொண்டிருந்த அவரைக் கண்டு சனங்கள் பயந்து ஒதுங்கினார்கள், இவர் வீடு இடிக்க வந்தவர் என்று. கெடிஸ் யோசித்தார். சட்டம் போட்டால் சனங்கள் ஒளிப்பார்கள். விழா வைத்தால் வெளியே வருவார்கள் என்று கண்டார். மகாராஜாவிடம் போய், என்னை ஒரு நாளைக்கு மகாராஜா ஆக்குங்கள் என்று கேட்டார். அவரும் சம்மதித்தார்.

தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் வரும் என்று நகரமெங்கும் பறைசாற்றப்பட்டது. எந்தத் தெருவால் வரும்? எந்தத் தெருவிலே வீடுகளைத் துப்புரவாக்கிச் சீர்ப்படுத்தியிருக்கிறார்களோ, அந்தத் தெருவால் வரும்! அவ்வளவுதான். இந்தூரிலே வீட்டுக்கு வீடு துடைப்பம் எழுந்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. தீபாவளியன்று யானையும் குதிரையும் வாத்தியமும் வந்தன. அழுக்கு அரக்கனும் பிளேக் எலியும் பெரிய பெரிய பொம்மைகளாக வந்தன. அவற்றுக்குப் பின்னாலே, வெள்ளை உடையும் புதுத் தலைப்பாகையும் அணிந்து, மாலை சூட்டிய துடைப்பங்களைத் தோளிலே தாங்கி, நகரத்தின் தோட்டிகள் நடந்து வந்தார்கள். அவர்களின் வண்டி மாடுகளுக்கும் அலங்காரம். கடைசியிலே அரக்கனையும் எலியையும் கொளுத்தினார்கள். 1918 ஆம் வருஷத்திலே கெடிஸ் தமது அறிக்கையை இரண்டு பாகங்களாக வெளியிட்டார்.

இந்தூர்க் கதை அத்துடன் முடியவில்லை. சில வருஷங்களின் பின் ஆல்பர்ட் ஹவார்ட் என்னும் விவசாய விஞ்ஞானி அதே நகரத்திலே இருந்துகொண்டு, கழிவுகளை அடுக்கு முறையிலே மக்கவைத்து எருவாக்கும் 'இந்தூர் முறை'யை வகுத்து, 1931 ஆம் வருஷத்திலே நூலாக எழுதினார். இந்தியக் கிராமத்தவர்களிடம் கற்றதை அவர் மறைக்கவில்லை. நமது காலத்திலே, 2017 முதலாக இந்திய தேசியத் துப்புரவுக் கணிப்பிலே வருஷா வருஷம் முதலிடம் பெற்று வந்த நகரமும் அதே இந்தூர்தான். வாகனம் வீட்டு வாசலுக்கு வருகிறது. குப்பையை வகை பிரித்தே கொடுக்கவேண்டும். தேவ்குராடியா என்னும் இடத்திலே மலையாகக் கிடந்த ஏறத்தாழ 13 லட்சம் தொன் பழைய குப்பையைச் சலித்துப் பிரித்து, நிலத்தை மீட்டார்கள். 2022 ஆம் வருஷத்திலே, நாளுக்கு 550 தொன் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையையும் திறந்தார்கள். இந்தூருக்குப் பணம் உண்டு, பின்னால் ஒரு பெரிய அரசாங்கம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். குண்டசாலையை இந்தூராக்கு என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பணமும் ஆலையும், வீட்டிலே பிரிப்பதற்குச் சனங்கள் பழகியபடியால்தான் பயன் தந்தன என்பதை மறக்கக்கூடாது.

மாலை சூட்டிய துடைப்பத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு மஹியாவ ஞாபகம் வந்தது. கண்டி நகரம் நித்தம் காலையிலே முகம் கழுவிக்கொண்டு நிற்பது மஹியாவ மக்களின் உழைப்பினால். அவர்களின் முன்னோர்களை நகரத்தைத் துப்புரவு செய்வதற்கென்றே வெள்ளைக்காரன் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். அவர்கள் பேசுவதும் நமது பாஷை, கும்பிடுவதும் நமது தெய்வம். பெரியோர்கள் கோபிக்கவேண்டாம்: நமது ஆண்டு விழாக்களுக்கு அவர்களில் எத்தனை பேரை அழைப்பிதழ் கொடுத்து அழைத்திருக்கிறோம்? தோட்டத்திலே வாசற்கூட்டி என்று ஒருவரை வைத்துவிட்டு, அவருக்குத் தண்ணீர் கொடுக்கும் கோப்பையை வேறாக வைத்த வழக்கத்தை நம்மில் முதியவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கோப்பை இன்று அடுக்களையில் இல்லை. ஆனால் ஒரே பையிலே மீன் முள்ளையும் உடைந்த போத்தலையும் பிள்ளையின் அணையாடையையும் சவர அலகையும் கட்டி வாசலிலே வைக்கும்போது, அதைப் பிரிக்கப்போகும் கை யாருடையது என்று நாம் எண்ணுவதில்லை. அந்தக் கை நம் வீட்டுப் பிள்ளையின் கையாக இருந்தால் போத்தல் துண்டைக் கடதாசியிலே சுற்றியல்லவா வைப்போம்! நீண்டகாலத் திட்டத்திலே லொறிக்கும் காணிக்கும் முன்னே, கையுறைக்கும் சப்பாத்துக்கும் வைத்தியத்துக்கும், அவர்களின் பிள்ளைகள் அதே தொழிலுக்கு வந்துதான் ஆகவேண்டும் என்றில்லாத படிப்புக்கும் இடம் வேண்டும்.

சபையை மாத்திரம் குறை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக நான் விரும்பவில்லை. நமது கோயிலைப் பாருங்கள். சிவாலயத்திலே சுவாமிக்குச் சாத்திக் களைந்த பூவுக்கு நிர்மாலியம் என்று பெயர் வைத்து, அதற்கு உரியவர் சண்டிகேசுவரர் என்று முறையும் வகுத்திருக்கிறார்கள். பூவை எப்படிச் சாத்துவது என்பதோடு நில்லாமல், களைந்தபின் அது எங்கே போகவேண்டும் என்பதையும் எண்ணியிருக்கிறார்கள். திட்டம் என்றால் அதுதான். அப்பர் சுவாமிகளின் கையிலே உழவாரப்படை இருக்கிறது. நாமும் வருஷத்துக்கு ஒருமுறை உழவாரப் பணி என்று சொல்லிப் புறப்படுகிறோம். போன முறை புல்லையும் பொலிதீனையும் சேர்த்து அள்ளிக் குவித்துவிட்டு, இதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் அரைமணி நேரம் பேசிக்கொண்டு நின்றோமே! கடைசியிலே ஓடைப் பக்கமாக எடுத்துச் சென்றது யாரென்று நான் சொல்லமாட்டேன். அதிலே நானும் ஒருவன்.

அன்னதானத்துக்கு வாழையிலை போட்ட காலத்திலே மறுநாள் இலை மாட்டுக்குப் போயிற்று. இப்பொழுது பொலிதீன் தாள், பிளாஸ்டிக் கோப்பை, தண்ணீர்ப் போத்தல். பொலிதீன் உணவுத்தாளை விற்பதையும் பாவிப்பதையும் 2017 செப்டெம்பர் முதலாந் திகதியிலிருந்து அரசாங்கம் தடை செய்திருக்கிறது என்பதும் நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பாவிக்கிறோம்.

ஆகையால் இரண்டு காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். முதலாவது சிறியது: அடுத்த திருவிழாவிலிருந்து அன்னதானம் இலையிலே நடக்கட்டும், மடப்பள்ளிக்குப் பின்னாலே ஓர் எருக்குழி வெட்டுவோம், பூவும் இலையும் மரக்கறித் தோலும் அதிலே போகட்டும், போத்தலும் தகரமும் வேறு சாக்கிலே சேரட்டும். குழி வெட்டுவதற்கு வாலிபர் பகுதியிலே ஏழு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். இடத்தைக் காட்டித் தரவேண்டியவர்கள் தர்மகர்த்தாக்கள்.

இரண்டாவது, ஒரு கடிதம். 2016 ஆம் வருஷத்து 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் ஓர் உள்ளூராட்சி மன்றத்திடம் தகவல் கேட்கலாம், தமிழிலும் கேட்கலாம். நாம் கேட்கப்போவது நான்கு கேள்விகள். நமது பிரதேசத்திலே நாளொன்றுக்கு எத்தனை தொன் குப்பை சேருகிறது, அது நிறுக்கப்படுகிறதா? அது இப்பொழுது போகும் இடத்திலே இன்னும் எத்தனை வருஷத்துக்கு இடம் உண்டு? அதற்குப் பின் எங்கே என்று எழுத்திலே ஏதாவது திட்டம் உண்டா? உண்டானால், அதன் தமிழ்ப் பிரதி எங்கே கிடைக்கும்? கேள்விகளிலே குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. திட்டம் இருந்தால் வாசித்து ஒத்தாசை செய்வோம். இல்லையென்று பதில் வந்தால், அதை எழுதுவதற்கு இப்போதைய சபைக்கு இன்னும் காலம் இருக்கிறது.

கடிதத்தை எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். சிங்களத்திலும் ஒரு பிரதி இருக்கிறது. அயலிலுள்ள சிங்கள நண்பர் ஒருவர் எழுதித் தந்தார், அவரும் கையொப்பமிட விரும்புகிறார். தேநீர் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்திலே இரண்டு பிரதிகளும் பேனாவும் இருக்கும். தேநீரை இம்முறை கழுவிப் பாவிக்கும் கோப்பையிலே கொடுக்கும்படி மாதர் பகுதியினரிடம் கேட்டிருக்கிறேன். கழுவுவதற்கு நானும் நிற்பேன்.